கூடப் போக ஒருவர் வேண்டும்

மார்ச் 3, திங்கள்

பக்கத்து வளவுத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போனேன். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகத்தான் சொன்னாள். கையைப் பார்த்த நேர்ஸ் அவளைப் பேசாமல் நட்பு நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். வீட்டில் அடிபடும் பெண்களோடு தனியே இருந்து கதைப்பதற்கென்றே பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்படி ஓர் இடம் உண்டு, எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள், அதுதான் சரி. திரும்பி வரும்போது ஓட்டோவில் அவளே சொன்னாள், "அவர்தான் அக்கா, கனகாலமா."

மார்ச் 5, புதன்

பொலிஸில் அவளையும் கணவரையும் கூப்பிட்டு, "இனி அடிக்க மாட்டன்" என்று கணவரிடம் எழுதி வாங்கிவிட்டு அவளை அவரோடேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போகட்டாம். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அவர் அவளை அடிக்கக்கூடாது என்று நீதிமன்றம் போடும் பாதுகாப்புக் கட்டளை கேட்டு அவளுக்காகப் பொலிஸே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம், அவளாகவும் நேரே போகலாம். இலங்கையில் 5 பெண்களில் ஒருவர் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார் என்று 2019 இல் அரசாங்கம் செய்த ஆய்வே சொல்கிறது. இத்தனை பேருக்கும் சமாளித்துப் போ என்பதுதானா பதில்?

மார்ச் 10, திங்கள்

பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்து கேட்டார். ஏன் இவ்வளவு காலம் பொறுத்தாய் என்று அவர் கேட்கவேயில்லை. இன்றிரவு எங்கே படுப்பாய், அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் யாரிடம், கையில் காசு இருக்கிறதா, இவைதான் கேள்விகள். அப்புறம் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கடிதம் தந்தார், வசதியில்லாதவர்களுக்கு அங்கே காசில்லாமல் வழக்குப் பேசுவார்கள். தங்குமிடம் வேண்டுமா என்றதற்கு அவள் வேண்டாம் என்றாள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் குழம்பிவிடும். அடிவாங்கியவள் ஏன் வீட்டைவிட்டுப் போகவேண்டும்? கணவரை அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று தடுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. முழு விசாரணை 14 நாட்களுக்குள் வரவேண்டும், அதன் பின் கிடைக்கும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லும், மீறினால் ஒரு வருடம் வரை சிறை. உளவளத்துணையும் ஏற்பாடாகிறது. எல்லாம் சட்டத்தில் இருக்கிறது, அலுவலகங்களும் இருக்கின்றன. ஆனால் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தனியே போகும்போதுதான் பெண்கள் பாதியில் திரும்பிவிடுகிறார்கள். மாமியார் போன் எடுப்பார், சித்தப்பா வந்து கதைப்பார், ஓட்டோவுக்குக் காசிராது.

25 ஆம் திகதி வழக்குக்கு நானும் போகிறேன். இதை வாசிக்கிற யாருக்காவது தேவைப்பட்டால் பெண்கள் உதவி இலக்கம் 1938, தமிழிலும் கதைக்கலாம்.