பங்காளிச் சண்டை மிச்சம் வைத்த ஊர்

சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரிலிருந்து ரைன் ஆற்றங்கரையோரமாகக் கிழக்கே நடந்தால் ஒரு மணி நேரத்தில் ஜெர்மனி வந்துவிடும். வந்துவிட்டது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். சோதனைச் சாவடி இல்லாவிட்டாலும் குறுக்கே ஒரு கம்பியாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். மஞ்சள் நிறத்தில் ஜெர்மன் பாணி ஊர்ப்பலகை கண்ணில் பட்டபோதுதான் எல்லையை எங்கேயோ தாண்டிவிட்டது உறைத்தது. கைப்பேசி அதற்கும் மேல். ஜெர்மன் மண்ணில் நிற்கும் எனக்கு 'சுவிட்சர்லாந்துக்கு நல்வரவு' என்று செய்தி அனுப்பிக் கட்டணத்தையும் சொன்னது.

ஊரின் பெயர் பூசிங்கன். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம், கான்ஸ்டன்ஸ் மாவட்டம். பரப்பு 7.62 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 1,500 பேர். வடக்கு, கிழக்கு, மேற்கு மூன்று பக்கமும் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் மாநிலம். தெற்கே ரைன், அக்கரையும் சுவிஸ்தான். தாய்நாடான ஜெர்மனிக்கும் இந்த ஊருக்கும் நடுவே, மிகக் குறுகலான இடத்தில், 700 மீட்டர்தான் தூரம். ஆனால் அந்த 700 மீட்டர் சுவிஸ் மண்.

இப்படி ஒரு ஊர் ஏன் தனியாக மாட்டிக்கொண்டது? பெரிய போர், பெரிய உடன்படிக்கை ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஆரம்பம் ஒரு பங்காளிச் சண்டை. 17-ஆம் நூற்றாண்டில் இங்கே மேலாண்மை உரிமை ஆஸ்திரியாவுடையது, ஊரை நிர்வகித்த பிரபு எபர்ஹார்ட் இம் தூர்ன். ஷாஃப்ஹவுசன்காரர்கள் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையைச் சேர்ந்தவர்கள். எபர்ஹார்ட் கத்தோலிக்கர் பக்கம் சாய்கிறார் என்று சந்தேகம், கூடவே குடும்பத் தகராறு. 1693-இல் சொந்தக்காரர்களே அவரைக் கடத்திக்கொண்டுபோய் ஷாஃப்ஹவுசனில் ஒப்படைத்தார்கள். கடைசியில் ஆயுள் தண்டனை. ஆஸ்திரியா மிரட்டி நெருக்கிய பிறகு, 1699-இல்தான் வெளியே வந்தார்.

ஆஸ்திரியா அந்த அவமானத்தை மறக்கவே இல்லை. 1770-இல் பக்கத்து ஊர்களான ராம்சன், டோர்ஃப்லிங்கன் இரண்டின் உரிமையையும் சூரிக்குக்கு விற்றது. பூசிங்கனை மட்டும் கொடுக்கவில்லை. ஷாஃப்ஹவுசனுக்கு என்றைக்கும் உறுத்தலாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். டோர்ஃப்லிங்கன் கைமாறியதும் பூசிங்கனைச் சுற்றி வேலி அடைத்தது போல ஆகிவிட்டது. பிறகு 1805-இல் ஊர் வூர்ட்டம்பர்க் என்ற ஜெர்மன் அரசுக்கும், 1810-இல் இன்னொரு ஜெர்மன் அரசான பாடனுக்கும் போனது. ஒரு வீட்டுத் தகராறு இத்தனை காலம் வரைபடத்தில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பயமும் வருகிறது.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஊர் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 96 சதவீதம் பேர் சுவிட்சர்லாந்தோடு சேரவே விரும்பினார்கள். மாற்றாக ஜெர்மனிக்குக் கொடுக்கத் தோதான நிலம் சுவிட்சர்லாந்திடம் இல்லாததால் பேச்சு நின்றுபோனது. இரு நாடுகளும் 1964-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1967-இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று வீடுகளும் 11 ஜெர்மானியர்களும் மட்டும் இருந்த வெரெனாஹோஃப் என்ற இன்னொரு துண்டு அப்போது சுவிட்சர்லாந்தோடு சேர்ந்துவிட்டது. பூசிங்கன் ஜெர்மனியிலேயே இருந்தது, ஆனால் சுங்கக் கணக்கில் சுவிஸ்.

அதனால் அன்றாட வாழ்க்கை முழுக்க இரட்டைக் கணக்கு. அஞ்சல் குறியீடு ஜெர்மனிக்கு 78266, சுவிட்சர்லாந்துக்கு 8238. தொலைபேசியும் இரண்டு நாட்டுக் குறியீட்டிலும் வரும். சட்டப்படி பணம் யூரோ, புழக்கத்தில் சுவிஸ் ஃபிராங்க். நான் காபிக்கு யூரோ நோட்டை நீட்டினேன், மீதியை ஃபிராங்க் காசாகக் கொடுத்தார்கள். விற்பனை வரி சுவிஸ் கணக்கில் 8.1 சதவீதம். ஜெர்மனியின் மற்ற ஊர்களில் 19. இதைக் கேட்டால் சொர்க்கம் போலத் தோன்றும். ஆனால் வருமான வரி ஜெர்மனிக்குத்தான். சம்பளம் வாங்குவதும் செலவு செய்வதும் சுவிஸ் விலைவாசியில், வரி கட்டுவது ஜெர்மன் விகிதத்தில். சம்பாதிக்கும் வயதுக்காரர்கள் சில கிலோமீட்டர் தள்ளி சுவிஸ் பக்கம் குடிபோகிறார்கள், ஊருக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. நான் போன வார நாள் மத்தியானத்தில் தெருவில் பார்த்தவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள்.

வண்டிகளின் எண்பலகையில் 'பி யூ எஸ்' என்ற எழுத்துகள், நடுவில் இருக்கும் யூ-வின் தலையில் இரண்டு புள்ளி. மாவட்டத்துக்கு உரிய எண்பலகையை மாட்டினால் சுவிஸ் சுங்கத்தார் வெளியூர் வண்டியாக நினைப்பார்கள் என்பதால் இந்த ஊருக்கு மட்டும் தனி எழுத்து. ஜெர்மனியிலேயே மிக அரிதான எண்பலகைகளில் ஒன்று. காவலருக்கும் கணக்கு உண்டு. சுவிஸ் போலீஸ் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் வரக்கூடாது. ஜெர்மன் போலீஸ் என்றால் நூறு குடிகளுக்கு மூன்று பேர். உள்ளூர்க் கால்பந்து அணி விளையாடுவது சுவிஸ் லீக்கில்.

எனக்கு மிகவும் பிடித்தது கடிகாரக் கதை. 1980-இல் ஜெர்மனி கோடைக்கால நேரத்துக்கு, அதாவது கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் வழக்கத்துக்கு, மாறியது, சுவிட்சர்லாந்து மாறவில்லை. பூசிங்கன் சுவிஸ் நேரத்தோடு நின்றது. அந்தக் கோடை முழுக்க இந்த ஊர் சொந்த நாட்டைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருந்தது. கணினிகளுக்கான நேர மண்டலப் பட்டியலில் இத்துணூண்டு ஊருக்கு இன்றைக்கும் தனிப் பெயர் இருப்பது அதனால்தான்.

மத்தியானம் மேட்டின் மேல் இருக்கும் புனித மிக்கேல் தேவாலயத்துக்கு ஏறினேன். பழைய கற்சுவர், சுற்றிலும் கல்லறைகள், கீழே ரைன். ஒரு காலத்தில் ஷாஃப்ஹவுசனுக்கே தாய்த் தேவாலயமாக இருந்தது இதுதான் என்பதை நினைத்துக்கொண்டேன். பிள்ளை வளர்ந்து பெரிய நகரமாகிவிட்டது, தாய் அயல்நாட்டில் தங்கிவிட்டாள்.

அப்புறம் ஆற்றங்கரைக்கே திரும்பி வந்தேன். நல்ல வெயில். ஜனங்கள் துண்டையும் செருப்பையும் புல்லில் போட்டுவிட்டு ரைனில் இறங்கினார்கள். தண்ணீர் பச்சையாகத் தெளிந்து நல்ல வேகத்தில் ஓடியது. நீந்தக்கூட வேண்டாம், மல்லாந்து படுத்தால் அதுவே இழுத்துக்கொண்டு போகும். ஒரு பாட்டி அப்படித்தான் சாவகாசமாக மிதந்துகொண்டு சுவிட்சர்லாந்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.