கோட்டை மிதிச்சிட்டா டீச்சர்

2025 ஜூன் 2ஆம் தேதி பள்ளி திறந்தது. அந்த வாரமே என் நோட்டில் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பெயருக்கு நேரே "கூச்ச சுபாவம், யாரோடும் சேர்வதில்லை" என்று எழுதிவிட்டேன். ஒரு பிள்ளையைப் புரிந்துகொண்டாகிவிட்டது என்று ஒரு நிம்மதி வேறு.

எங்கள் பள்ளி கடலூர் முதுநகரில், துறைமுகம் போகிற பக்கம் இருக்கிறது. இன்டர்வெல் விட்டால் பெண் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் பாண்டி ஆடுவார்கள். இவள் மட்டும் பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டு தள்ளி நிற்பாள். ஒருநாள் நோட்டுத் திருத்திக்கொண்டே அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன், சில்லு விழுகிற ஒவ்வொரு கட்டத்துக்கும் இவள் உதடு எண்ணிக்கொண்டிருக்கிறது, அவர்கள் நொண்டி அடிக்கும்போது இவளுடைய வலது குதிகால் லேசாகத் தூக்கித் தூக்கி இறங்குகிறது. பெரிய பெண் ஒருத்தி கோட்டில் கால் வைத்தாள். ஆடியவர்கள் யாரும் பார்க்கவில்லை. இவள் பார்த்தாள். என்னிடம் ஓடி வந்து, காதோடு, "கோட்டை மிதிச்சிட்டா டீச்சர்" என்றாள். என்னிடம் அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஆசிரியர் பயிற்சியில் மில்ட்ரெட் பார்ட்டன் என்று ஒருவரைப் படித்திருக்கிறேன், பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்தும் போயிருந்தேன். 1932இல் பாலர் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து, அவர்கள் மற்றவர்களோடு சேர்வதை ஆறு வகையாகப் பிரித்தவர். நின்று வேடிக்கை பார்ப்பதும் அதில் ஒரு வகை. அவர் பார்த்த பிள்ளைகள் சின்னவர்கள், இவளுக்கு ஏழு வயது, அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் நான் எழுதிய வரியை அடிக்க அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து நோட்டில் கூச்சம், முரடு, பிடிவாதம் எதுவும் எழுதுவதில்லை. தேதி, நேரம், கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

அப்படி எழுதியதால்தான் இன்னொருவன் தப்பித்தான். ஜூன் 16, திங்கட்கிழமை, காலை 10 மணிக்குப் பக்கத்துப் பையனின் பென்சிலை இரண்டாக உடைத்தான், 11 மணிக்கு ஒருவனைத் தள்ளிவிட்டான். பழைய நானாக இருந்தால் 'முரடன்' என்று முடித்திருப்பேன். முந்தைய பக்கங்களைப் புரட்டினால் ஜூன் 13 வரை அவன்மேல் ஒரு புகார்கூட இல்லை. அப்புறம்தான் உறைத்தது, ஜூன் 14 நள்ளிரவோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்திருக்கிறது, இவன் அப்பா விசைப்படகில் வேலைக்குப் போகிறவர். இரண்டு மாதமாக வீட்டில் இருந்த அப்பா ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிட்டார். சாயந்திரம் அழைத்துப்போக வந்த அவன் அம்மாவும், "அவங்க அப்பா கடலுக்குப் போனா ரெண்டு நாளைக்கு இப்படித்தான் டீச்சர், வீட்லயும் தங்கச்சிய அடிக்கிறான்" என்றார்.

நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. மறுநாள் நோட்டு எடுத்துக் கொடுக்கிற வேலையை அவனிடம் கொடுத்து, "அப்பா எப்படா வருவாரு?" என்று கேட்டேன். மூன்று விரலைக் காட்டினான். அடுத்த நாள் நான் கேட்காமலேயே இரண்டு விரல்.

பருவம் நடக்கும்போதே செய்கிற வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கிற தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று மதிப்பெண் போட்டுப் பழகிய கைக்கு இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று தெரியவில்லை. பிறரோடு பழகுவதற்கும் ஒரே ஒரு எழுத்தில் கிரேடு கேட்கிறார்கள், போட்டுத்தான் கொடுக்கிறேன்.

அந்தப் பெண் இப்போது பாண்டியில் சேர்ந்துவிட்டாள். நேற்று கோட்டை நன்றாகவே மிதித்தாள், நானே பார்த்தேன். மற்றவர்கள் கத்த, இடுப்பில் கை வைத்துக்கொண்டு "மிதிக்கவே இல்ல" என்று ஒரே சாதிப்பு. தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை.