மாணவர் அட்டை இல்லாமல் வகுப்பறைக்குள்

பல்கலைக்கழகங்களில் நடக்கும் பொதுச் சொற்பொழிவுகளுக்கு யாரும் போகலாம் என்று பலருக்குத் தெரியும். ஆனாலும் போவதில்லை. ‘நமக்கு அங்கே என்ன வேலை’ என்ற தயக்கம்தான். படிப்பு முடிந்து, வேலை, குடும்பம் என்று ஆனபிறகு எனக்கும் அது இருந்தது. அதைத் தாண்டி ஒரு பருவம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து படித்தேன். அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

முதல் சிக்கல், எங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது. பல்கலைக்கழகத்தின் பொது அறிவிப்பில் பெரிய விழாக்கள்தான் இடம்பிடிக்கும். நல்ல பேச்சுகள் அந்தந்தத் துறையின் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடும். துறை அலுவலகத்தில் நேரே போய்க் கேட்டால் சொல்லிவிடுவார்கள். தலைப்பைப் பார்த்து மட்டும் கிளம்பிவிடக் கூடாது. துறைக் கருத்தரங்கு என்றிருந்தால், கதவு திறந்திருந்தாலும் பேச்சு ஆய்வாளர்களுக்கானது; சமன்பாடு சீக்கிரமே வந்துவிடும். எனக்குப் பிடித்தது, புதிதாகப் பேராசிரியர் பொறுப்பேற்பவர் நிகழ்த்தும் தொடக்கவுரை. பல வருட உழைப்பை, வந்திருக்கும் தன் வீட்டாருக்கும் புரியும்படி அவர் சொல்லியாக வேண்டும். அந்த அக்கறை பேச்சில் தெரியும்.

என்னை உள்ளே இழுத்தது நட்சத்திர ஒளி பற்றிய ஒரு சொற்பொழிவு. பேச வந்த பேராசிரியர், நுண்கோடுகள் போட்ட மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளை எல்லோருக்கும் கொடுத்து, அதன் வழியாகக் கூரையிலிருந்த டியூப்லைட்டைப் பார்க்கச் சொன்னார். வெள்ளை வெளிச்சத்தின் பக்கத்தில் பச்சையும் நீலமும் பளிச்சென்று தனித்தனிக் கோடுகளாக நின்றன. அவை குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவியின் அடையாளம் என்றார். இப்படித்தான் 1868-இல் சூரிய ஒளியில், அதுவரை அறிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார்கள். அந்தக் கோட்டுக்குரிய ஹீலியம் பூமியில் பிடிபட்டது 1895-இல். கையில் ஒரு பிளாஸ்டிக் துண்டோடு இதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

பேச்சு முடிந்ததும் போய், கோடுகளை வைத்து ஒரு நட்சத்திரத்தின் சூட்டை எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். “அதைப் பத்து நிமிஷத்துல சொல்ல முடியாதுங்க. அடுத்த பருவம் அதைத்தான் பாடமா எடுக்கிறேன். வந்து உட்காருங்களேன்” என்றார் அந்த அம்மா.

மாணவராகச் சேராமல் வகுப்பைக் கேட்பதற்கு ஆடிட் என்று பெயர். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. பாரிஸில் 1530-இல் தொடங்கிய கொலேஜ் து பிரான்ஸ் பட்டமே தருவதில்லை. அங்கே விரிவுரைகள் எல்லோருக்கும் இலவசம், பதிவும் வேண்டாம். மற்ற இடங்களில் பெரும்பாலும் படிவம் உண்டு, சில இடங்களில் கட்டணமும் உண்டு. நான் முதலில் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எந்தப் பாடம், ஏன் கேட்க விரும்புகிறேன், கணிதத்தில் எதுவரை தெரியும், விடைத்தாள் திருத்தித் தர வேண்டியதில்லை, அவ்வளவுதான். இந்தக் கடைசி வரியைக் கட்டாயம் எழுதுங்கள். பேராசிரியர்களுக்கு நேரம்தான் பெரிய பிரச்சினை. அவர் எழுதித் தந்த சம்மதத்தோடு துறை அலுவலகத்தில் படிவம் கொடுத்தேன். சேர்ந்த மாணவர்களுக்குப் போக இடமிருந்தால்தான் என்றார்கள். ஆய்வகத்துக்கு அனுமதி இல்லை, நூலக அட்டைக்குத் தனி விண்ணப்பம்.

அப்புறம் வகுப்பு. சூட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள உறவைச் சொல்லும் சமன்பாட்டை இந்திய இயற்பியலாளர் மேக்நாத் சாஹா 1920-இல் தந்தார். அதைக் கொண்டு, நட்சத்திரங்களில் பெரும்பங்கு ஹைட்ரஜன்தான் என்று காட்டும் கணக்கை 1925-இல் தன் ஆய்வேட்டில் தந்தவர் வானியலாளர் சிசீலியா பெய்ன். அவர் வானியலுக்கு வந்த கதையையும் பேராசிரியர் சொன்னார். 1919-இல் கேம்பிரிட்ஜில் வானியலாளர் எடிங்டன் தன் சூரிய கிரகண ஆய்வு பற்றிப் பேசிய கூட்டத்துக்கு, வர முடியாத ஒருவரின் டிக்கெட் பெய்னுக்குக் கிடைத்தது. அறைக்குத் திரும்பி அந்தப் பேச்சைக் கிட்டத்தட்ட வரிக்கு வரி எழுதிவைத்தாராம். ஒரு மாலைப் பேச்சுக்கு இவ்வளவு செய்ய முடியும் என்று நான் மனதார நம்புகிறேன்.

வீட்டுப்பாடங்களை விடாமல் போட்டேன். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் சமன்பாடு கைக்கு வராது. மாட்டிக்கொண்ட இடத்தில் பக்கத்து இருக்கை மாணவர்கள் உதவினார்கள். வகுப்பு இல்லாத மாலைகளில் இசைத் துறை மாணவர்களின் கச்சேரிக்குப் போவேன். பருவ இறுதியில் அவர்களுக்கு அது தேர்வு மாதிரி. எதிரே ஆட்கள் உட்கார்ந்து கேட்டால் அவர்களுக்கே தெம்பு.

அடுத்த பருவத்துக்கு எதைக் கேட்கலாம் என்று பேராசிரியரிடமே கேட்டேன். சாஹாவின் சமன்பாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால் புள்ளியியல் இயற்பியல் என்றார். எங்கள் துறையில் முதல் வாரத்துக்குப் பிறகு படிவம் வாங்க மாட்டார்கள். அந்தப் பாடம் எடுப்பவருக்கு இப்போதே கடிதம் எழுதிவிட்டேன்.