மறைந்திருந்து வெளிப்படும் ஓவியங்கள்

விடுமுறையில் குழந்தைகளுடன் அமர்ந்து வரைவதற்குப் பல வழிகள் உண்டு எனினும், என் விருப்பம் மறைந்திருந்து வெளிப்படும் ஓவியத்தின் பக்கமே சாய்கிறது. வெள்ளைத் தாளில் வெள்ளை கிரேயானால் ஒரு மீனையோ நிலவையோ அழுத்தி வரையச் சொல்லி, அதன்மேல் நன்கு நீர்த்த நீர்வண்ணத்தைத் தூரிகையால் பரப்பினால், மெழுகு நீரை ஏற்காததால் கோடுகள் மட்டும் வெள்ளையாகத் துலங்கும். சாதாரண அச்சுத்தாள் ஈரத்தில் சுருங்கிவிடும். தடித்த ஓவியத்தாளே ஏற்றது. வண்ணம் உலர்வதற்குள் சிறிது கல்லுப்பைத் தூவினால், ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றியுள்ள வண்ணநீரை ஈர்த்து, விண்மீன் போன்ற வெளிறிய புள்ளிகளை உண்டாக்கும். தாள் முழுதும் உலர்ந்த பிறகே உப்பைத் தட்டிவிட வேண்டும் என்பதால், அந்தக் காத்திருப்புதான் சிறுவர்களுக்கு மிகவும் கடினம்.

அந்த இடைவெளிக்கு இலைப்பதிவு பொருத்தமானது. நரம்புகள் புடைத்திருக்கும் அடிப்புறம் மேலே தெரியுமாறு இலையை வைத்து, மெல்லிய தாளால் மூடி, உறை நீக்கிய கிரேயானைப் படுக்கவைத்து மென்மையாகத் தேய்த்தால் இலை அப்படியே பதியும். இதற்கு அச்சுத்தாளே போதும்.

இருவருக்கு மேல் இருந்தால் தாளை மூன்றாக மடித்து, ஒருவர் தலையையும் மற்றவர் உடலையும் இன்னொருவர் கால்களையும், முன்னவர் வரைந்ததைப் பார்க்காமலே வரையலாம். கழுத்துக் கோடுகளும் இடுப்புக் கோடுகளும் மடிப்பைச் சற்றே தாண்டியிருந்தால் பகுதிகள் பொருந்தும். என்ன வரைந்திருக்கிறார்கள் என்று நாமாக ஊகிக்காமல், அவர்களிடமே கேட்டுத் தாளின் பின்புறத்தில் தேதியுடன் பென்சிலால் குறித்துவைப்பது என் வழக்கம்.