காலை எடுக்கும் கணத்தில் எல்எஸ்டி

கோலாலம்பூர்ப் புறநகரில், பின்சக்கர உந்துதல் கொண்ட ஜப்பானியக் கார்களைப் பார்க்கும் பட்டறை எங்களுடையது. அங்கே எனக்கு மிகவும் பிடித்த வேலை, எஞ்சினின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தந்து வளைவில் அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலைப் பிரித்துப் பூட்டுவதுதான். நிஸ்ஸான் சில்வியா, டொயோட்டா 86, மாஸ்டா எம்எக்ஸ்-5 என எதைக் கொண்டுவருபவரானாலும், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலாதபடி இரண்டையும் இறுக்கிப் பிணைக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது எல்எஸ்டி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எவ்வளவு பிடிக்கும் என்றே முதலில் கேட்கிறார். காலை எடுத்தால் அது என்ன செய்யும் என்று கேட்பவர் அரிது. வளைவுக்குள் நுழையும்போது காரின் குணத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

சாதாரண டிஃபரன்ஷியல் முறுக்குவிசையை இரு சக்கரங்களுக்கும் ஏறக்குறைய சமமாகவே பிரிக்கிறது. வளைவில் பாரம் குறைந்த உள்பக்கச் சக்கரம் வழுக்கத் தொடங்கினால், வெளிப்பக்கச் சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசைதான் போய்ச் சேரும். உந்துதல் வீணாகும், ஆனால் வெளிப்பக்கச் சக்கரம் தன் பக்கவாட்டுப் பிடிப்பை இழக்காததால் கார் பெரும்பாலும் தடம் மாறாது. எல்எஸ்டி பூட்டிய காரில் உந்துதல் வீணாகாது. அளவு மீறினாலோ இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே பிடியை விட, பின்பக்கம் சட்டென்று வெளியே வீசும்.

ஒன்றோடொன்று உரசி இறுகும் கிளட்ச் தகடுகள் கொண்ட எல்எஸ்டியில் ஒரு வழி, ஒன்றரை வழி, இரு வழி என்று வகைகள் உண்டு. ஒரு வழி, மிதிக்கும்போது மட்டும் இறுகும். இரு வழி, காலை எடுத்து எஞ்சின் காரைப் பின்னுக்கு இழுக்கும்போதும் அதே அளவு இறுகும். ஒன்றரை வழி, அப்போது குறைவாக இறுகும். செப்பாங் கார் பந்தயத் தடத்தின் நீண்ட நேர்வழி முடிந்து முதல் வளைவுக்குக் கடுமையாக பிரேக் பிடிக்கையில் இரு வழி எல்எஸ்டி பின்பக்கத்தை அசையாமல் வைத்திருக்கும். ஆனால் உள்ளே போகப் போகக் குறுகும் அதே வளைவில், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டே போகும்.

நம் ஊர் மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தகடுகளை எப்போதும் அழுத்தி வைத்திருக்கும் ப்ரீலோட் ஈரத்தில் குறைவதில்லை, டயரின் பிடிப்புத்தான் குறைகிறது; அதனால் வெயிலில் அளவாகத் தெரிந்த இறுக்கம் மழையில் அதிகமாகிவிடுகிறது. மழை நாளில் ரவுண்டபவுட்டில் மெதுவாகப் போனாலும் கார் திரும்ப மறுப்பது இதனால்தான்.

டொயோட்டா 86இல் வரும் டார்சன் வகை எல்எஸ்டியில் தகடுகள் இல்லை, பல்சக்கரங்களே வேலையைச் செய்கின்றன. தினசரி ஓட்டத்துக்கு இதைவிட இதமானது வேறில்லை என்பது என் கருத்து. ஆனால் அது பிடிப்பு குறைந்த சக்கரம் தாங்கும் விசையைப் பெருக்கித்தான் மற்றதற்குத் தருகிறது. விகிதம் 3 என்றால், ஒன்று 100 நியூட்டன் மீட்டர் தாங்கும்போது மற்றதற்கு 300 வரை கிடைக்கும்; பாதையோர மேட்டில் ஏறி ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், பூஜ்ஜியத்தின் மும்மடங்கும் பூஜ்ஜியம்தான்.

"அண்ணே, மால் பார்க்கிங்ல திருப்பினா பின்னாடி கடகடன்னு அடிக்குது" என்று பதறி வருபவர்கள் பலர். தகடு வகையில் ஓரளவு சத்தம் இயல்பானதே, எல்எஸ்டிக்கான எண்ணெயை மாற்றினாலே பெரும்பாலும் அடங்கும். எனக்குக் கவலை தருவது, சத்தமே இல்லாமல் போன பழைய தகடு எல்எஸ்டிதான். கியரை நியூட்ரலில் போட்டு, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் திருப்பிப் பார்ப்பேன். கையாலேயே எளிதாகச் சுற்றினால் தகடுகள் தேய்ந்துவிட்டன. அப்படிப்பட்ட காரில் வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை தடிப்பாக அப்பியிருக்கும், எண்ணெயில் கருகிய வாடை அடிக்கும்.

வார நாளில் அலுவலகம், விடுமுறையில் கெந்திங் மலைப்பாதை, எப்போதாவது செப்பாங் என்று ஓட்டுபவருக்கு நான் பூட்டித்தருவது ஒன்றரை வழிதான், அதுவும் குறைந்த ப்ரீலோடில். பூட்டியபின் காலியான இடத்தில் இரு பக்கமும் எட்டுப் போட்டு மெதுவாக ஓட்டி, தகடுகள் ஒன்றோடொன்று படிந்ததும் முதல் எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றிய பிறகே சாவியைக் கொடுக்கிறேன்.