இருபதாயிரம் பவுண்டும் ஒரு கல்லறைக் கல்லும்

விக்டோரியா காலத்து மர்மக் கதை என்றதும் மூடுபனியும் எரிவாயு விளக்கும் குதிரை வண்டியும்தான் நினைவுக்கு வருகின்றன. வில்கி காலின்ஸின் ‘தி வுமன் இன் ஒயிட்’ நாவலை முதன்முறை படித்தபோது நானும் நள்ளிரவுச் சாலையில் வெள்ளை உடையில் வந்து நிற்கும் அந்தப் பெண்ணை மட்டுமே மனத்தில் வைத்திருந்தேன். மறுபடி படித்தபோதோ, அன்று அவசரமாகப் புரட்டிக் கடந்த ஒரு பகுதியில், அதாவது குடும்ப வழக்கறிஞர் கில்மோர் திருமண ஒப்பந்தம் எழுதும் பகுதியில், நெடுநேரம் நின்றுவிட்டேன். (நாவல் வெளிவந்து 160 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால், முடிச்சுகளை அவிழ்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை.)

நாவலின் நாயகி லாரா ஃபேர்லிக்கு 21 வயது நிறையச் சில மாதங்களே இருக்கின்றன. அவளுக்குரிய 20,000 பவுண்டு, அவள் பிள்ளையில்லாமல் இறந்தால், கணவன் சர் பெர்சிவல் கிளைடுக்கே சேர வேண்டும் என்று மாப்பிள்ளை தரப்பு வழக்கறிஞர் பிடிவாதம் பிடிக்கிறார். மனைவியின் சாவில் கணவனுக்கு ஆதாயம் வைக்கும் இந்த ஏற்பாட்டை ஏற்கக் கூடாது என்று கில்மோர் எவ்வளவோ வாதாடியும், தன் நரம்புத் தளர்ச்சியைத் தவிர வேறெதையும் பொருட்படுத்தாத லாராவின் சித்தப்பா, தொல்லை விட்டால் போதுமென்று சம்மதித்துவிடுகிறார். கொலைகாரனின் கத்தியைக் காட்டிலும் அச்சமூட்டுவது அந்தச் சோம்பேறியின் சம்மதம்தான் என்பது என் எண்ணம்.

இந்த நாவல் 1859 நவம்பர் முதல் 1860 ஆகஸ்ட் வரை சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடராக வந்தது. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி, தனி ஒப்பந்தம் எழுதிக் காப்பாற்றினாலொழிய, மணமான பெண்ணின் ரொக்கமும் நகையும் கணவனுக்கே உரியவை. அந்நிலை முழுமையாக மாறியது 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். காலின்ஸ் வழக்கறிஞராகத் தகுதி பெற்றும் தொழில் நடத்தாதவர். அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. நீதிமன்றத்தில் சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராகப் பேசுவதுபோலவே பாத்திரங்கள் கதையைச் சொல்கிறார்கள்.

சதியும் காகிதத்தில்தான் நடக்கிறது. லாராவின் சாயலில் இருக்கும் ஆன் கேத்ரிக், அதாவது அந்த வெள்ளை உடைப் பெண், இறந்ததும், அவளை லாராவின் பெயரில் புதைத்துவிட்டு, உயிரோடிருக்கும் லாராவை ஆன் என்று சொல்லி மனநோய் விடுதியில் அடைத்துவிடுகிறார்கள் கிளைடும் அவன் கூட்டாளியும். இன்று நம் கையிலிருக்கும் பதிப்பில் இறப்புச் சான்றிதழின் தேதி ஜூலை 25. லாரா லண்டனுக்குப் புறப்பட்டதோ ஜூலை 26. வாடகை வண்டிக் கொட்டகையின் பதிவேட்டில் இருக்கும் ஒற்றை வரி இதை உறுதிப்படுத்துகிறது; முந்தின நாளே இறந்தவள் லாராவாக இருக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், நூலாக வந்த முதல் பதிப்பில் ஆசிரியரே தேதிகளைத் தவறாகக் கணக்கிட்டிருந்தார். டைம்ஸ் நாளிதழின் விமர்சகர் அதைச் சுட்டிக்காட்டிய பிறகே திருத்தம் வந்தது.

இதில் காதல் எங்கே என்று கேட்கலாம். லாராவைக் காதலிக்கும் ஓவிய ஆசிரியன் வால்டர் ஹார்ட்ரைட்டுக்கு ஆஸ்தியும் இல்லை, அந்தஸ்தும் இல்லை. அவன் பாடுபட்டுத் துருவும் ஒவ்வொரு ஆவணமும் காதலியின் பெயரை அவளுக்கே மீட்டுத் தருவதற்காகத்தான். கிளைடின் ரகசியமும் ஒரு காகிதமே: பெற்றோர் முறைப்படி மணம் புரியாததை மறைக்க, தேவாலயத் திருமணப் பதிவேட்டில் அவன் செருகிய பொய்ப் பதிவு. அதை அழிக்கப் போன இடத்தில் அவன் தீயில் மடிந்த பிறகு, ஊரறிய இறந்துபோனவளாகவே இருக்கும் லாராவை வால்டர் மணக்கிறான்.

பல பக்கங்கள் கடந்து லாராவின் சொந்த ஊரான லிம்மரிட்ஜில் ஊரார் கூடி நிற்க, கல்லறைக் கல்லிலிருந்து அவள் பெயர் செதுக்கி நீக்கப்படுகிறது. அவ்விடத்தில் ஆன் கேத்ரிக்கின் பெயரும், அதன் கீழே 1850 ஜூலை 25 என்ற தேதியும் பொறிக்கப்படுகின்றன.