எந்த டாங்க்?

அன்று நான் சொன்ன பதில் சரிதான் என்று இப்போதும் வாதாடுவேன். ஆனாலும் மனம் ஆறவில்லை.

குளப் புனரமைப்புக்காக வந்த வெளிநாட்டு ஆலோசகர் படிவத்தைப் பார்த்து, "டாங்க் எப்போது சேதமானது?" என்றார். மொழிபெயர்ப்பாளனாகப் போயிருந்த நான் தமிழில் சொல்ல முன்னமே கமக்காரர் அமைப்புப் பெரியவர் முந்திக்கொண்டார். "தம்பி, எந்த டாங்கைக் கேக்கிறார்? குளத்தையோ, குளக்கட்டிலை ஏறிப் போனதையோ?"

"குளத்தைத்தான் ஐயா."

தேத்தண்ணி நேரத்திலும் அவர் விடவில்லை. ரெண்டுக்கும் ஏன் ஒரே பேர்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குளத்துக்கான சொல்தான் மூத்தது. நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் குஜராத்தி, மராத்திச் சொற்களும் போர்த்துக்கீசரின் 'டாங்க்கே'யும் கலந்து ஆங்கிலத்துக்குப் போனது. எங்கள் வன்னியின் இரணைமடுவும் வவுனிக்குளமும் ஆங்கிலத்தில் டாங்க் ஆனது அந்த வழியில்தான். போர் வாகனத்துக்கு அந்தப் பெயர் விழுந்தது 1915 கடைசியில். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் அதை இரகசியமாகச் செய்தபோது, மெசப்பொத்தேமியாவுக்கு அனுப்பும் தண்ணீர்த் தாங்கி என்று கதை கட்டிவிட்டார்கள். 1916 செப்டெம்பர் 15 அன்று பிரான்சில், சோம் சண்டையில் அது வெளியே வந்துவிட்டது. இரகசியம் போனது, பெயர் போகவில்லை.

பெரியவர் பிளேன்ரீயைக் குடித்து முடித்து, கோப்பையின் அடியில் கிடந்த சக்கையை மண்ணில் தட்டினார். "அப்ப, தண்ணி எண்டு சொல்லித்தான் முதல்லயே கொண்டு வந்திருக்கிறாங்கள்."

"என்ன சொல்கிறார்?" என்று ஆலோசகர் கேட்டார்.

"சொல்லின் வரலாறு சுவாரசியமாம்" என்றேன்.

தேத்தண்ணி நேரத்துப் பேச்சையெல்லாம் மொழிபெயர்ப்பது என் வேலையா? அதோடு, குளத்து மதகான துருசைத் திருத்தக் காசு தர வந்தவரின் முகத்தைச் சுளிக்கவைத்து ஊருக்கு என்ன லாபம்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பெரியவர் ஆங்கிலம் விளங்காதவர் அல்லர். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார், மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவரும் துருசைத்தான் நினைத்தாரோ? இல்லை, இவனும் இப்படித்தான் என்று விட்டுவிட்டாரோ? கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் சிரித்து மழுப்பியிருப்பார் என்றும் தோன்றுகிறது.

அறிக்கையில் டாங்க் வந்த இடமெல்லாம் முன்னால் 'பாசன' என்று சேர்த்தேன். ஆலோசகர் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, இங்கே டாங்க் என்றால் வேறு என்ன என்று ஓரத்தில் எழுதியிருந்தார். நான் திரும்பச் சேர்க்கவில்லை. துருசுக்குக் கேட்ட காசு முழுதாக வந்தது.